மகாலிங்கம் அண்ணையின் கதிரைகள்

எங்கள் அலுவலகத்துக்குள் யார் வந்தாலும் காதில் விழும் முதல் சொல், உட்காரச் சொல்லும் "இருங்கோ" என்பதுதான். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான். பாரிஸில், லா சப்பலில், ரூ கையில் என்ற தெருவில், ஒரு புடவைக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் இருக்கிறது அந்த இடம். வதிவிட அட்டைக்கு விண்ணப்பிப்பது, வரிப் பத்திரம் நிரப்புவது, சின்னக் கடைகளுக்குச் சம்பளச் சீட்டு அடிப்பது, பிரெஞ்சில் வந்த கடிதத்தைத் தமிழில் சொல்லி வந்தவரின் நெஞ்சிடியைக் குறைப்பது, இவைதான் எங்கள் தொழில். முதலாளி மகாலிங்கம் அண்ணை. அவருக்கு அது அலுவலகமும் இல்லை, பிரெஞ்சுக்காரர் சொல்கிற பூரோவும் இல்லை. "கந்தோர்" என்றுதான் சொல்வார். ஊரில் அரசாங்க உத்தியோகத்தர் போய்வந்த இடத்தின் பெயர் அது. அதை உச்சரிக்கும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

கந்தோரைத் திறந்தபோது கணினி வாங்குவதற்கு முன்பே அவர் கதிரைகளை வாங்கிவிட்டாராம். கறுப்புத் தோல், கைபிடி, சில்லு, தலை சாய்க்க ஒரு மெத்தை. வாடிக்கையாளருக்கும் அதே மாதிரிதான், சில்லு மட்டும் கிடையாது. "என்ரை கந்தோரிலை ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்பது சட்டம். யாராவது நின்றபடி பேசத் தொடங்கினால் கதிரையைத் தட்டிக் காட்டுவார். வந்தவர் கதிரையில் இருந்தால்தான் அண்ணைக்குக் காது கேட்கும்.

அந்தக் கதிரைதான் என் இடுப்பை, நாரியைத் தின்றது.

நான் சாம்பவி. வில்லியே லே பெல்லில் இருந்து பஸ், பிறகு ரயில் என்று வருகிறவள். இந்த வேலைக்கு முன்னால் மற்றவர்களின் அலுவலகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விடியமுன் போய், ஆட்கள் வருவதற்குள் அவர்களுடைய மேசைகளைப் பளபளக்க வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பின்னேர வகுப்பில் பிரெஞ்சு படித்து, பிழைபிழையாகப் பேசி, ஒருவழியாக எனக்கென்று ஒரு மேசை கிடைத்தது. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். சொல்ல வெட்கமில்லை. முகம் வெளிறி உள்ளே வருகிற ஒரு ஆள், "அவ்வளவுதானே பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வெளியே போகும்போது எனக்கு அன்று சாப்பாடே தேவையில்லை.

2018 மாசிமாதக் குளிரில் ஒரு காலை, கார் து நோர் நிலையத்தில் ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எழும்ப முடியவில்லை. நாரியில் யாரோ ஆணி அறைந்து என்னை இருக்கையோடு சேர்த்து வைத்தது போல இருந்தது. கதவு மூடுகிற மணி அடிக்கும்போது, தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஓர் ஆபிரிக்கப் பெண் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து மேடையில் நிறுத்திவிட்டுத் தன் பாட்டில் போனார். பேர்கூடக் கேட்கவில்லை.

வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பார்ப்பதற்கென்று இந்த நாட்டில் தனியாக வைத்தியர் உண்டு. எனக்கு வாய்த்தவர் ஒரு மெலிந்த பெண். ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் இருக்கிறேன், ரயிலில் இருக்கிறேன், கந்தோரில் இருக்கிறேன், திரும்ப ரயிலில், திரும்ப பஸ்ஸில், வீட்டில் சோபாவில்.

"நிற்பது எப்போது?"

"சமைக்கும்போது."

"அப்போது வலிக்கிறதா?"

இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏறி இறங்குகிற மேசை ஒன்று வேண்டும், கொஞ்ச நேரம் நின்று, கொஞ்ச நேரம் இருந்து வேலை செய்ய வேண்டும் என்றார். சித்திரை கடைசியில் தானே வந்து பார்ப்பதாகவும், ஒன்றும் மாறவில்லை என்றால் இந்த வேலை உங்கள் உடம்புக்கு ஏற்றதல்ல என்று எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார். நாகரிகமாகத்தான் சொன்னார். ஆனால் வேலை போவது நாகரிகமாகப் போனாலும் போனதுதானே.

அண்ணையிடம் சொன்னேன். அவர் முகம் புளித்தது.

"மேசை வாங்கலாம் பிள்ளை. அது பிரச்சினையில்லை. ஆனா நீ நிண்டு வேலை செய்யிறதோ?"

பக்கத்து மேசையில் ஜெனவியேவ் கண்ணாடியைக் கழற்றினார். பாண்டிச்சேரிக்காரி. நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வீட்டில் அலுப்படிக்கிறது என்று எங்களிடம் அரைநாள் வருகிறவர். அண்ணைக்கு அவர் எப்போதும் "மதாம்"தான்.

"முசியே மகாலிங்கம், இப்ப பெரிய பூரோல எல்லாம் இந்த மேசைதான். என் மகன் வேலை செய்ற இடத்துல ரெயுனியோன்னு கூட்டம் போட்டாக்கூட எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் பேசுறாங்க."

"அது பிரெஞ்சுக்காரன்ரை கந்தோர், மதாம். அவன் நிண்டால் உடற்பயிற்சி எண்டுவினம். எங்கடை ஆள் நிண்டால் வேலைக்காரி எண்டுவினம்."

ஆனாலும் வாங்கினார். கஞ்சத்தனம் அவரிடம் கிடையாது. மேசை வந்த அன்று பொத்தானை அமுக்கி மேலும் கீழும் ஓடவிட்டுக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பின்னால், நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு அங்காலே தள்ளி, முன்னால் ஒரு பெரிய பூச்சாடியையும் வைத்தார். நான் நிற்பது தெருவுக்குத் தெரியக் கூடாதாம்.

பூச்சாடிக்கு லா சப்பலை மறைக்கிற சக்தி இல்லை.

முதலில் வந்தவர் பொன்னம்பலம் ஐயா. திரான்சியில் இருந்து ஓய்வூதியப் பேப்பரோடு வந்தார். இலைகளுக்கு மேலால் என் தலையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எழும்பிட்டியளே பிள்ளை. பூட்டப் போறியள் போலை. நான் நாளைக்கு வாறன்."

கூப்பிடக் கூப்பிடப் போய்விட்டார். அடுத்து ஒரு இளம் தாய். நான் "இருங்கோ" என்றேன். "நீங்கள் நிக்க நான் எப்பிடி அக்கா இருக்கிறது?" என்றாள். "பரவாயில்லை, இருங்கோ." "நீங்கள் முதல் இருங்கோ." "எனக்கு நாரி ஏலாது, நான் நிக்கவேணும்." "எனக்கும் நிண்டால் பரவாயில்லை." நடுவில் அந்த அருமையான தோல் கதிரை வெறுமையாக இருக்க, இரண்டு பேரும் நின்றபடி அவளுடைய பிள்ளைகளின் உதவிப்பணப் படிவத்தை நிரப்பினோம். பூச்சாடி மேசையை மறைத்ததில் எழுத அவளுக்கு இடமில்லை. படிவத்தைத் தன் கைப்பையின் மேல் வைத்து எழுதியதில் பேனா அதைக் கிழித்தது.

எங்கள் ஆட்களை இதில் குறை சொல்ல முடியாது. வந்த வீட்டில் வீட்டுக்காரி நிற்க, வந்தவர் கதிரையில் இருந்து பழக்கமில்லை. அது கந்தோராக இருந்தாலும் சரிதான்.

மூன்றாம் நாள் பக்கத்துப் புடவைக் கடை ஞானமலர் அக்கா வந்தார். கையில் ஒரு ஸ்டூல். நேரே பூச்சாடியைச் சுற்றி வந்து ஸ்டூலை என் காலடியில் வைத்தார். பிறகு திரும்பி, கந்தோர் நிறைய ஆட்கள் இருக்கும்போது, அண்ணையைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இந்தப் பிள்ளை அப்பிடி என்ன பிழை விட்டது?"

"ஒரு பிழையும் விடேல்லை அக்கா. அது வைத்தியர் சொல்லி..."

"எந்த வைத்தியர் தம்பி ஏலாத பிள்ளையை நிக்கச் சொல்லுவார்? பிழை விட்டால் வாயாலை பேசலாம்தானே. பொம்பிளைப் பிள்ளையை இப்பிடிச் செய்யிறதோ?"

நான் விளக்கம் சொன்னேன். அக்கா என் கன்னத்தைத் தடவினார். முதலாளிக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே கதை தெருவின் மறுமுனைக்குப் போனது. சனிக்கிழமை ஸ்தேனில் இருந்து என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். யாருடையவோ கடவுச்சீட்டை நான் துலைத்துவிட்டேனாம், அதற்குத் தண்டனையாக மகாலிங்கம் என்னை நிற்க விட்டிருக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் வாங்குப் பலகையில் ஏற்றி நிற்கவிடுவார்களே, அதை மறக்காத சனம். நிற்கிற ஒரு ஆளைக் கண்டால் அவர்களுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில் மரக்கறிக் கடை ராதாகிருஷ்ணன் கேட்டிருக்கிறார்: "என்ன மகாலிங்கம் அண்ணை, கந்தோரிலை பள்ளிக்கூடமும் தொடங்கிட்டியளாம்? முழங்காலிலை விடுறதும் உண்டோ?" நடைபாதையில் கோப்பையும் கையுமாக நின்ற அத்தனை பேரும் சிரித்தார்களாம். அண்ணை அரைக் கோப்பையோடு திரும்பி வந்தார். அவர் காது சிவந்திருந்தது.

"மேசையை இறக்கு பிள்ளை," என்றார். 

இறக்கினேன். இருந்தேன். திரும்ப இருக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் வலி கொஞ்சம் முன்னதாகவே வந்து எனக்காகக் காத்திருந்தது. ஜெனவியேவ் வெந்நீர்ப் பை கொண்டுவந்து தந்தார். அண்ணை என் பக்கம் பார்க்காமல் பக்கத்தால் போனார். எனக்கு அவர்மேல் பத்திக்கொண்டு வந்தது. ஊர் வாய்க்குப் பயந்து என் வேலையைப் பறிக்கிறார். நல்ல மனிதர் வேறு. கெட்டவர் என்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

வைத்தியர் வருவது வியாழன். செவ்வாய் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்காக வாசலின் இரும்புத் தகட்டுக் கதவைப் பாதி இறக்கியிருந்தோம். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும். அச்சடித்த தாளை எடுக்க நான் எழும்பப் பார்த்தேன். ரயிலில் அடித்த அதே ஆணி.

"ஜெனவியேவ்," என்று கூப்பிட்டேன். 

அவர் ஒரு பக்கமும் அண்ணை ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கும்போது கதிரை சில்லில் ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். வலியில் இல்லை, ஆத்திரத்தில். அண்ணை வெளிறிப்போனார். தன் கோப்பையில் தண்ணி கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

அவர் கோப்பையை வைத்துவிட்டு, குனிந்து, காற்சட்டையின் ஒரு காலை முழங்கால்வரை சுருட்டினார். நீல நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு ஏறின. ஜெனவியேவ் "யேசுவே" என்றார்.

"இது நிண்டு வந்தது, பிள்ளை. வந்த காலத்திலை பிகாலிலை ஒரு ரெஸ்டோரன்ட் குசினியிலை கோப்பை கழுவினனான். காலமை போனால் சாமம்மட்டும் நிக்கவேணும். சாப்பிடுறதும் நிண்டுதான். ஒருநாள் கால் ஏலாமல் வெங்காயப் பெட்டியைக் கவிட்டுப்போட்டு அதிலை இருந்தனான். செஃப் வந்தவன். ஒண்டும் கதைக்கேல்லை. காலாலை பெட்டியைத் தட்டிவிட்டான். நான் ஈர நிலத்திலை விழுந்தன். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. எழும்பித் திரும்பக் கழுவினன்."

அவர் மூச்சு வாங்கினார்.

"அண்டைக்கு நினைச்சனான். எனக்கெண்டு ஒரு இடம் வந்தால் அங்கை ஆரையும் நிக்க விடமாட்டன் எண்டு. இப்ப சனம் என்னைப் பாத்து, மகாலிங்கம் ஆளை நிக்க வைச்சு வேலை வாங்கிறான் எண்டு சிரிக்குது."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் ஆத்திரம் போகவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சொல் வாயில் வந்தது.

"அண்ணை, அவன் உங்களை இருக்க விடேல்லை. நீங்கள் என்னை எழும்ப விடுறியள் இல்லை. எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கு."

 அண்ணை காற்சட்டையை மெல்ல இறக்கிவிட்டார். ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார். தகட்டுக்குக் கீழால் குனிந்து வெளியே போனவர் அன்று திரும்பி வரவில்லை.

வாய் காட்டி வேலையைத் துலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வைத்தியர் எழுத முன்னமே அண்ணை முடிவு கட்டிவிடுவார். பின்னேர ரயிலில் இடம் இருந்தது. நான் இருக்கவில்லை. வீடு வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். என் வேலையை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறேன், திரும்பவும் யாருடைய மேசையைத் துடைக்கப் போகிறேன் என்று யோசித்தபடி.

அடுத்த நாள் தெருவில் நின்றே கண்டுவிட்டேன்.

பூச்சாடி வெளியே நடைபாதையில் இருந்தது. என் மேசை முன் கண்ணாடிக்குப் பக்கத்தில், ரூ கையில் தெரு முழுவதும் பார்க்கக் கூடிய இடத்தில், உயர்த்திய கோலத்தில். அதற்குப் பின்னால் மகாலிங்கம் அண்ணை நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சேர்ட், கழுத்துப்பட்டி. அவருடைய தோல் கதிரை மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம், கபேக்களில் நின்றபடி கோப்பி குடிப்பதற்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒல்லியான ஒரு உயர மேசை.

"இது எங்கையாலை அண்ணை?"

"தெரிஞ்ச கபேக்காரன் ஒருத்தன் தந்தவன். நேற்றுப் பின்னேரம் முழுக்க இதுக்குத்தான் அலைஞ்சனான்." என்னைப் பார்க்காமலே சொன்னார். "தேத்தண்ணிக் கடையிலை மணித்தியாலக் கணக்கா நிண்டு உலகம் கதைக்கிறவை, இஞ்சை வந்தால் மட்டும் நிக்க மாட்டினமோ? முழங்கையை ஊண்ட ஒரு இடம் குடுத்தால் ஆரும் நிப்பினம். என்னோடை சிரிச்சவையை வடிவா யோசிச்சுப் பாத்தன். அவையும் நிண்டுகொண்டுதான் சிரிச்சவை."

"நீங்கள் ஏன் அண்ணை நிக்கிறியள்?"

"நீ நிண்டால் தண்டனை எண்டுவினம். நான் நிண்டால் என்ன சொல்லுவினம்? முதலாளிக்கு ஆர் தண்டனை குடுக்கிறது?"

 கோட்டைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பொன்னம்பலம் ஐயாதான் முதலில் வந்தார். வாசலில் அதே இடத்தில் நின்று, எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன மகாலிங்கம், உம்மையும் நிக்க விட்டிட்டினமோ?"

"ஓம் ஐயா. சாம்பவி விட்டவ."

கிழவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இருமலை அடக்க உயர மேசையில் முழங்கையை ஊன்றினார். ஊன்றிய கையோடு பையைத் திறந்து ஓய்வூதியப் பேப்பர்களைப் பரப்பினார். கதிரையைத் தேடவே இல்லை. எல்லாம் முடிந்து போகும்போது, "இண்டைக்குச் சுருக்கா முடிஞ்சுது" என்றார். மற்ற நாட்களில் அவர் கதிரையில் இருந்தால் மத்தியானம்வரை எழும்பமாட்டார்.

கண்ணாடிக்கு வெளியே ஞானமலர் அக்காவின் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "அப்ப என்ரை ஸ்டூலைத் தாங்கோ, கடையிலை சேலை எடுக்க எட்டுதில்லை" என்றார். வேறு ஒரு கதையும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் தெருவின் மறுமுனைக்கு என்ன கதை போனதோ தெரியாது. ஆனால் வெள்ளைக்காரன் கந்தோர்கள் எல்லாம் இப்ப இப்பிடித்தானாம் என்று ராதாகிருஷ்ணன் தன் கடையில் யாருக்கோ விளக்கம் சொல்வது எங்களுக்கே கேட்டது.

வியாழன் வைத்தியர் வந்தார். மேசையைப் பார்த்தார், நான் இருப்பதையும் எழும்புவதையும் பார்த்தார், பொத்தானை அமுக்கிப் பார்த்தார். நல்லது, தொடருங்கள் என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக மாசிமாதத்தில் இருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

பிறகு அவர் அண்ணையின் பக்கம் திரும்பி, "நீங்கள் எப்போதிலிருந்து நிற்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நேற்றுக் காலையிலிருந்து," என்றார் அண்ணை பெருமையாக.

"முழு நாளுமா? அது யார் சொன்னது? நாள் முழுக்க இருப்பதும் கூடாது, நாள் முழுக்க நிற்பதும் கூடாது. மாறிமாறித்தான். கால் நோகவில்லையா?"

"இல்லை."

"பொய் சொல்றார், தொக்தர்," என்றார் ஜெனவியேவ் பிரெஞ்சில், கண்ணாடியைத் துடைத்தபடி. "அவர் காலைப் பாருங்க."

வைத்தியர் பார்த்தார். காலைக் காட்ட ஒரு வைத்தியரிடம் போகச் சொல்லி அண்ணையைக் கண்டித்துவிட்டுப் போனார். அண்ணை தலையாட்டினார். ஆனால் கதிரையைத் தொடவில்லை. மத்தியானம் நெருங்க நெருங்க, ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டே நின்றார். கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அன்று குசினியிலும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

வந்திருந்த ஆள் போய்க் கந்தோர் வெறுமையானதும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை."

"ஓம் அண்ணை."

"நான் கொஞ்சம் இருக்கட்டே?"

பகிடி மாதிரித்தான் கேட்டார். ஆனால் கண் பகிடி விடவில்லை. ஒரு ஆளிடம் இதைக் கேட்க அவருக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

மூலையில் கிடந்த தோல் கதிரையை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் வைத்தேன். சில்லு ஓடிவிடக் கூடாது என்று கைபிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்கோ அண்ணை," என்றேன்.

அவர் முழுப் பாரத்தையும் அதில் வைத்துச் சாயும்வரை நான் கையை எடுக்கவில்லை.